கஞ்சலை எரிக்காதீர்கள்: யாழ்ப்பாணக் காணியில் நீரைத் தங்கவைக்கும் மரங்களை நடுவது எப்படி

கோப்பாய்ப் பக்கம் எங்களுக்கு நாலு பரப்பு (கால் ஏக்கர்) காணி இருக்கிறது. அப்பா காலத்தில் புகையிலை நட்ட செம்பாட்டுத் தறை. பல ஆண்டுகள் தரிசாகக் கிடந்ததைச் சோலையாக்க எண்ணி, 2019 மார்கழியில் அறுபது தேக்கும் இருபது சவுக்கும் நட்டேன். கன்று விற்றவர் “இவைதான் கெதியாக வளரும்” என்றார். அடுத்த ஐப்பசி வருவதற்குள் பாதிக்கு மேல் பட்டுப்போயின. தப்பிய தேக்குகள் உயர்ந்தன. ஆனால் அவற்றின் கீழே மண் முன்பைவிட இறுகிவிட்டது. மழை பெய்தால் தண்ணீர் காணிக்குள் நிற்காமல் படலையைத் தாண்டி ஒழுங்கையில் செம்மண் கலந்து ஓடியது.

ஒரு நாள் மழை விட்டதும் அலவாங்கை எடுத்துத் தேக்குகளின் நடுவே குத்தினேன். நாலு விரற்கடை இறங்கி நின்றுவிட்டது. அதே அலவாங்கை வேலியோரப் பூவரசுகளின் கீழே குத்தியபோது முழங்கால் அளவுக்கு இறங்கியது. இழுத்தபோது கறுத்த, ஈரமான மண் ஒட்டிக்கொண்டு வந்தது. அதில் ஒரு மண்புழு நெளிந்தது. இரண்டு இடங்களுக்கும் இடையில் பதினைந்து அடி தூரம்கூட இல்லை. மண்ணும் மழையும் ஒன்றே, மரம்தான் வேறு. அதன் பிறகே முறையாகக் கற்கத் தொடங்கி, 2023 இல் மறுபடி நட்டேன். புதிதாக மரம் நடப்போகிறவர்கள் நான் இழந்த நாலு ஆண்டுகளை இழக்கக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

1. கன்று வாங்குமுன் காணித் தாள்களை எடுத்து வையுங்கள்

உறுதி, நில அளவை வரைபடம், உங்கள் அடையாள அட்டை ஆகிய மூன்றுக்கும் இரண்டிரண்டு பிரதிகள் எடுத்து ஒரு கோவையில் வையுங்கள். மரம் நடுவதற்கு எதற்கு உறுதி என்று நானும் நினைத்தேன். மரம் முப்பது, நாற்பது ஆண்டு நிற்கப்போகும் பொருள். எல்லை தெளிவில்லாத காணியில் நட்டால், பத்தாம் ஆண்டில் மரத்தின் நிழலோடு வழக்கும் வளரும்.

காணி பங்குக் காணியாக இருந்தால் மற்றப் பங்குகாரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் “நடு, நடு” என்று சொன்ன உடன்பிறப்பு, விற்க நினைக்கும் நாளில் மறந்துவிடுவார். வெளிநாட்டில் இருப்பவர் என்றால் அற்றோணித் தத்துவம் (அவருக்குப் பதிலாகக் கையெழுத்திடும் அதிகாரம்) யாரிடம் இருக்கிறது என்று கேட்டு, அவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். கிணறு பங்குக் கிணறாக இருந்தால் உங்கள் முறை எந்த நாள், எத்தனை மணி நேரம் என்பதையும் இப்போதே பேசி முடியுங்கள். முதற் கோடையில் கன்றுகளின் உயிர் அந்த முறையில்தான் இருக்கிறது.

காணியில் ஏற்கெனவே நிற்கும் மரங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பலா, பெண்பனை போன்ற மரங்களைச் சொந்தக் காணியில் என்றாலும் அனுமதியில்லாமல் தறிக்க முடியாது. பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கிராம அலுவலரின் சிபாரிசும் காணிக்கு உரிமை காட்டும் தாளும் கேட்பார்கள். தறித்த மரத்தை வேறிடம் கொண்டுசெல்லத் தனி அனுமதி வேண்டும். சில இனங்களுக்கு விலக்கு உண்டு, எந்த இனத்துக்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு ஏற்றுங்கள். முதலில் ஒன்றையும் தறிக்காமல் ஒரு மாரியைக் கடந்து பாருங்கள் என்பதே என் ஆலோசனை. நான் “இடைஞ்சல்” என்று தறிக்க நினைத்த வயதான இலுப்பை ஒன்றின் கீழேதான் இன்று காணியிலேயே நல்ல மண் இருக்கிறது.

எல்லையிலிருந்து பெருமரங்களைக் குறைந்தது பத்தடி உள்ளே நடுங்கள். ஒழுங்கையை ஒட்டிய பக்கத்தில் மின்கம்பிக்கு நேர் கீழே எதையும் நடவேண்டாம். பின்னாளில் மரத்தை விற்கும் எண்ணம் இருந்தால், நட்ட நாளிலேயே இனம், எண்ணிக்கை, இடம் ஆகியவற்றை எழுதிப் படம் பிடித்து அதே கோவையில் வையுங்கள்.

2. மண்ணை அறிய மூன்று வீட்டுச் சோதனைகள்

யாழ்ப்பாணம் என்றால் செம்மண் என்று வெளியூரார் நினைப்பார்கள். வலிகாமத்தின் நடுப்பகுதியில் அது சரி. வடமராட்சி கிழக்குக்கோ தென்மராட்சிக்கோ போனால் மணல். தீவுகளிலும் கடலேரிக் கரைகளிலும் உவர் மண். ஒரே காணிக்குள்ளும் ஆழம் மாறும். அடியில் கிடப்பது சுண்ணாம்புக்கல். அதன் மேற்புறம் மேடும் பள்ளமுமாக இருக்கும். எங்கள் காணியின் வடமேற்கு மூலையில் ஒன்றரை அடியில் கல் தட்டுப்பட்டது, கிழக்குப் பக்கத்தில் ஐந்தடி வரை மண். ஆகவே முதலில் அலவாங்கோடு காணி முழுவதும் நடந்து, பத்து இடங்களிலாவது குத்தி, கல் எத்தனை அடியில் இருக்கிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். அந்தத் தாள் கன்றுக் கடைக்காரரின் பேச்சைவிடப் பயனுள்ளது.

முதற் சோதனைக்கு வெறும் பால்மா டின் போதும். பத்துச் சென்டிமீற்றர் விட்டமுள்ள டின்னின் அடியையும் வெட்டி நீக்கிவிட்டு, மண்ணில் இரண்டு அங்குலம் இறக்குங்கள். உள்ளே 200 மில்லிலீற்றர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். அது ஏறக்குறைய 25 மில்லிமீற்றர் மழைக்குச் சமம். தண்ணீர் முழுவதும் உறிஞ்சப்பட எத்தனை நிமிடம் என்று பாருங்கள். முதல் ஊற்றில் காய்ந்த மண் ஏமாற்றும். இரண்டாம் முறை ஊற்றிய கணக்கையே எழுதுங்கள். எனக்கு லான்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) ஓடி இறுகிய இடத்தில் 38 நிமிடம், தேக்குகளின் கீழே 26 நிமிடம், பூவரசு வேலியோரத்தில் 3 நிமிடம்.

இந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பரப்பு என்பது ஏறக்குறைய 253 சதுர மீற்றர். அதன்மேல் 25 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 6,300 லீற்றர் தண்ணீர். மண் அதைக் குடித்தால் நிலத்துக்குள் இறங்கும், குடிக்காவிட்டால் ஒழுங்கைக்குப் போகும். குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடும். நாம் குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணாம்புக்கல்லில் தங்கிய மழைநீரைத்தான். அந்த நன்னீர், உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் மட்டம் கடல்மட்டத்தைவிட ஒரு மீற்றர் உயர்ந்திருந்தால், அதன் கீழே ஏறக்குறைய 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் என்பது அடர்த்தி வேறுபாட்டால் வரும் கணக்கு. மேலே குறையும் ஒரு சாண், கீழே உப்பு ஏற எத்தனை இடம் கொடுக்கிறது என்பது இதிலிருந்து புரியும்.

இரண்டாவது, கண்ணாடிப் போத்தல் சோதனை. மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை சலவைத்தூள் போட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் மணல் படியும், இரண்டு மணி நேரத்தில் வண்டல், களி படிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். மூன்றாவது, ஒரு கைப்பிடி மண்ணில் வினாகிரி விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு அதிகம். அங்கே சில பழமரங்கள் இரும்புச்சத்து எடுக்க முடியாமல் இலை மஞ்சளிக்கும். அந்த இடத்தில் சாம்பலைக் கொட்டாதீர்கள்.

ஆய்வுகூடச் சோதனை வேண்டுமென்றால், கமநல சேவை நிலையத்தில் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள். ஐந்தாறு இடங்களில் மேல் ஆறு அங்குல மண்ணை எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ கொடுத்தால் போதும். உரப்பையில் போட்டுக் கொண்டுபோகவேண்டாம். நான் கொண்டுபோன முதல் மாதிரி அதனாலேயே வீணாயிற்று. முடிவு வரச் சில வாரங்கள் ஆகும் என்பதால் ஆனி மாதத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

3. மரத்தைத் தேரும்போது இலையைப் பாருங்கள்

உயரத்தையும் வேகத்தையும் பார்த்து மரம் வாங்குவதே முதற் பொறி. மண்ணை மாற்றுவது மரத்தின் தண்டு அல்ல, அது ஆண்டுதோறும் உதிர்க்கும் இலையும் மண்ணுக்குள் செத்து உக்கும் நுண்வேர்களும்தான். சருகு மண்ணை மூடினால் மழைத்துளி நேரே அறையாது. சருகைத் தின்ன மண்புழுவும் கறையானும் வரும். அவை குடையும் துளைகளும், உக்கிய வேர்கள் விட்டுச்சென்ற குழல்களும் தண்ணீரைக் கீழே கொண்டுசெல்லும் வழிகள். சருகு இல்லாத வெறும் மண்ணில் மழைத்துளி மண்மணிகளை உடைத்து மேலே ஒரு தோல் போல ஒட்டவைத்துவிடும். பிறகு எத்தனை மழை பெய்தாலும் உள்ளே போகாது.

எல்லாச் சருகும் ஒன்றல்ல. போலந்தில் 14 இன மரங்களை ஒரே வகை மண்ணில் பக்கம் பக்கமாக நட்டு, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்துத் தோண்டிப் பார்த்தார்கள். இலையில் கல்சியம் அதிகமுள்ள மரங்களின் கீழே மண்புழுக்கள் பெருகியிருந்தன, சருகு விரைவாக மண்ணோடு கலந்திருந்தது. மற்ற இனங்களின் கீழே சருகு மக்காமல் மெத்தையாகக் கிடந்தது. அங்கே நிற்கும் மரங்கள் நம் ஊரில் இல்லை. சுண்ணாம்புக்கல்லின் மேல் வாழும் நமக்குக் கல்சியமும் பெரும்பாலும் குறையில்லை. ஆனால் இலையின் தன்மை மண்ணை மாற்றும் என்ற உண்மை இங்கும் பொருந்தும். நாம் பார்க்கவேண்டியவை இரண்டு: சருகு எவ்வளவு விரைவில் மக்குகிறது, கோடையில் மண்ணை எவ்வளவு காலம் மூடியிருக்கிறது.

பூவரசில் இருந்து தொடங்குங்கள். நம் தோட்டக்காரர் தலைமுறை தலைமுறையாகப் பூவரசங்குழையைத் தறையில் தாழ்த்தியது காரணமில்லாமல் அல்ல. மெல்லிய இலை, விரைவில் மக்கும். கதியாலாக வெட்டி நட்டாலே தளிர்க்கும்; உவர்க் காற்றையும் தாங்கும். செம்பாட்டிலும் மணலிலும் வளரும். கன்று வாங்கப் பணமில்லாதவர் அயல்வீட்டில் நாலு கதியால் கேட்டு வாங்கி இன்றே தொடங்கலாம்.

வேம்பு இரண்டாவது. ஆழமாக வேர்விடும், காய்ச்சலைத் தாங்கும். மாசி, பங்குனியில் இலையுதிர்த்து உடனே தளிர்க்கும். நம் மண் வெயிலில் வேகத் தொடங்கும் நேரத்தில் சரியாக ஒரு போர்வை விழுகிறது. கல் மேலாகக் கிடக்கும் மூலைக்கு வேம்பும் விளாத்தியும் கிளுவையும்தான் ஒத்துவந்தன. பலாவை அங்கே நட்டு இரண்டு கன்றுகளை இழந்தேன். பலாவுக்கு ஆழமான செம்பாடும் கைப்பிள்ளைக் கவனிப்பும் வேண்டும்.

சீமைக்கிளுவை நல்ல துணை. வேர்முடிச்சில் நைதரசனைச் சேர்க்கும், ஆண்டுக்கு மூன்று முறை கொத்தினால் குழை குவியும். ஆனால் அதன் இலை சில வாரங்களிலேயே கரைந்துவிடும். சீமைக்கிளுவை மட்டும் நட்டவர் காணியில் கோடை நடுவில் மண் வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே மெதுவாக மக்கும் மா இலை, காவோலை ஆகியவற்றோடு கலந்து போடுங்கள். இன்னொன்று: வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டியிருக்கிறது. சீமைக்கிளுவைக் குழை போடும் இடத்தில் யூரியாவும் சேர்த்துப் போடாதீர்கள். மிஞ்சியது கிணற்றுக்குத்தான் இறங்கும்.

இனித் தேக்கு. அதன் பெரிய இலை மழையை மெல்லியதாக்கும் என்று நினைத்திருந்தேன். ஒரு மழையில் குடை பிடித்துக்கொண்டு கீழே குந்தியிருந்து பார்த்தேன். சிறு தூறல் இலையின் மேல் சேர்ந்து திரண்டு, நுனியிலிருந்து பெரிய துளியாகப் பொட்டென்று விழுந்தது. விழுந்த இடத்தில் ஒரு சிறு குழி. மழை விட்டதும் பார்த்தால், சிறு கற்கள் ஒவ்வொன்றும் விரல் உயர மண்தூணின் மேல் நின்றன; சுற்றியிருந்த மண் அரிக்கப்பட்டுப் போயிருந்தது. தேக்கின் கீழே செடி கொடி இருந்தால் அந்தத் துளியை அது தாங்கும். நானோ “சுத்தம்” என்று எல்லாவற்றையும் பிடுங்கியிருந்தேன். தேக்கு வேண்டுமென்றால் ஒன்றிரண்டு வையுங்கள், கீழே ஆடாதோடை, பாவட்டை, நொச்சி ஏதாவது நிற்கட்டும்.

சவுக்கு கடற்கரை மணலைப் பிடிக்கவும் காற்றைத் தடுக்கவும் உதவும் மரம். செம்பாட்டுக் காணியில் அதன் ஊசிச் சருகு மக்காமல் தடித்துக் கிடந்து, கீழே வேறெதையும் முளைக்கவிடாது. யூக்கலிப்டசு வேண்டவே வேண்டாம். அது வேகமாக வளரும், நிலத்து நீரையும் வேகமாக எடுக்கும். காய்ந்த சருகிலுள்ள எண்ணெய்ப் பசை மண்ணை நீர் ஒட்டாததாகவும் ஆக்கிவிடும். இப்பிலிப்பில் மரக்கன்றை யாராவது இலவசமாகத் தந்தால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுங்கள். ஒரு மரத்தின் விதை அடுத்த மாரிக்குள் அயல் வளவுகளுக்கும் போய்விடும். சீமைக்கருவேலும் அப்படித்தான்; அம்பாந்தோட்டைப் பகுதியில் உவர் மண்ணைத் திருத்தவென்று கொண்டுவரப்பட்டது, இன்று பூந்தல தேசிய பூங்காவில் அழிக்க முடியாத முட்காடாக நிற்கிறது.

மணற்காணிக்காரருக்குப் பனைதான் முதல் மரம். அதனோடு மரமுந்திரிகை, புன்னை, புங்கை. பனங்கன்றைப் பிடுங்கி நட முயலாதீர்கள். பனம்விதை முளைக்கும்போது முளை முதலில் ஆழமாகக் கீழே இறங்கி, பிறகுதான் இலையை மேலே விடும். ஆவணியில் விழும் பழத்தின் விதையை அந்தந்த இடத்திலேயே புதையுங்கள். வடலியாக வெளியே வரவே ஆண்டுகள் பிடிக்கும். உங்கள் பிள்ளைகளுக்காக நடுவதாக எண்ணி நடுங்கள்.

எத்தனை மரம் என்ற கேள்விக்கு வருவோம். நெருக்கமாக நட்டால் நீர் கூடும் என்பது பிழை. மரமும் தண்ணீர் குடிக்கும். அடர்ந்த இலைக்கூரையில் சிறுமழை பாதியிலேயே நின்று ஆவியாகிவிடும். மேற்கு ஆபிரிக்காவின் புர்க்கினா பாசோவில் நடந்து 2016 இல் வெளியான ஆய்வு ஒன்று, மரமே இல்லாத வெளியையும் அடர்ந்த தோப்பையும்விட, இடைவெளி விட்டு மரங்கள் நிற்கும் நிலத்திலேயே நிலத்தடிக்கு அதிக நீர் இறங்குவதைக் காட்டியது. அதுவும் நம்மைப் போல ஆண்டில் சில மாதமே மழை காணும் வெப்ப நாடு. நான் இந்த முறை நாலு பரப்புக்கு 44 கன்றுகளே நட்டேன், பத்து இனங்கள். முன்பு 80 நட்ட இடம் அது.

4. மாதக் கணக்கு

மார்கழியில் நட்டதே என் முதற் சாவு. தை பிறந்ததும் மழை நின்றுவிடும், கன்று வேர்விட நேரமில்லாமல் கோடைக்குள் போய்விடும். நம் மழையின் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவது. ஆகவே ஐப்பசியின் முதல் இரண்டு நல்ல மழைக்குப் பிறகு, மண் ஒரு முழ ஆழத்துக்கு நனைந்ததும் நடுங்கள். கார்த்திகை நடுப்பகுதிக்கு மேல் போகவேண்டாம்.

அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கன்றுகளை ஆனி, ஆடியில் சொல்லி வையுங்கள்; ஐப்பசியில் போனால் எஞ்சிய கன்றுகளே கிடைக்கும். குழிகளை ஆவணி, புரட்டாதியில் வெட்டி ஆறவிடுங்கள். வேலி புரட்டாதிக்குள் முடிந்திருக்கவேண்டும். நட்ட பிறகு இரண்டு கண்டங்கள் உண்டு: ஒன்று மாசி முதல் ஏறும் வெயில், மற்றது வைகாசிக்குப் பின் வீசும் சோளகக் காற்று. சோளகம் ஈரத்தை உறிஞ்சி இலையைக் கருக்கிவிடும். தென்மேற்குப் பக்கம் ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு கிடுகைச் சாய்த்துக் கட்டினேன். கட்டிய கன்று ஒன்றும் சாகவில்லை.

5. எனக்கு ஆன செலவு

2023 இல் நாலு பரப்புக்கு: வேலித் தூணும் முட்கம்பியும் 78,000 ரூபாய். கன்று 44 க்கு 7,900. குழி வெட்ட இரண்டு பேர் மூன்று நாள், 18,000. மக்கிய மாட்டெரு ஒரு சுமை 12,000. கோடையில் கிணற்று முறை போதாமல் மூன்று தடவை தண்ணீர்ப் பவுசர் வண்டி, 13,500. மொத்தம் 129,400 ரூபாய். உங்கள் ஊரில், உங்கள் ஆண்டில் இந்த விலைகள் மாறும். விகிதம் பெரிதாக மாறாது. ஐந்தில் மூன்று பங்கு வேலிக்கே போனது.

வேலியை மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்கவேண்டாம். கட்டாக்காலி மாடுகளும் ஆடுகளும் ஒரே இரவில் ஓராண்டு உழைப்பை மேய்ந்துவிடும். பணம் குறைவென்றால் காணி முழுவதையும் அடைக்காமல் ஒரு பரப்பை மட்டும் அடைத்து நடுங்கள். முட்கம்பிக்கு நடுவே பூவரசு, கிளுவைக் கதியால்களையும் நட்டால், தூண் உடையும் காலத்தில் உயிர்வேலி நின்றிருக்கும்.

பெக்கோ இயந்திரத்தை (மண் தோண்டும் பெரிய இயந்திரம்) உள்ளே விடாதீர்கள். நாட்கூலி மிச்சம் என்று தோன்றும். அதன் சக்கரம் இறுக்கிய மண்ணைத் திருத்த எனக்கு இரண்டு மாரி பிடித்தது.

எரு வாங்கும்போது பார்த்தீனியம் என்ற களை உள்ள இடத்திலிருந்து வருகிறதா என்று கேளுங்கள். கன்றுப் பையிலுள்ள மண்ணிலும் அது முளைக்கும். வெள்ளைப் பூ விடுமுன் கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள்.

6. குழியும் நடுகையும்

இரண்டடி நீளம், அகலம், ஆழம் போதும். ஈர மண்ணில் மண்வெட்டியால் வெட்டினால் குழியின் சுவர் பூசியது போல வழவழப்பாகிவிடும்; அலவாங்கால் சுவரைக் கீறிவிடுங்கள், இல்லையேல் வேர் சட்டிக்குள் சுற்றுவது போல உள்ளேயே சுற்றும். மேல்மண்ணையும் அடிமண்ணையும் வேறு வேறாகக் குவித்து, மேல்மண்ணோடு எருவைக் கலந்து திருப்பிப் போடுங்கள். பச்சை எரு போட்டால் சூட்டில் வேர் கருகும், கறையானும் வரும்.

கன்றைச் சுற்றி மூன்றடி ஆரத்தில் ஆழமற்ற பாத்தி கட்டுங்கள். நம் நிலம் தட்டையானது என்றாலும் நீர் எங்கோ ஓரிடத்துக்கு ஓடும். நடுமுன் ஒரு மழையில் காணிக்குள் நின்று அந்த வழியைப் பாருங்கள். நீர் வெளியேறும் பக்கத்தில் இரண்டடி அகலம், ஓரடி ஆழத்தில் ஒரு வாய்க்காலை வெட்டி, அதைச் சருகால் நிரப்பிவிடுங்கள். எங்கள் படலையடியில் அப்படி வெட்டிய நாற்பதடி வாய்க்கால், ஒழுங்கைக்குப் போன நீரில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் ஒழுங்கை நீரையோ கூரை நீரையோ நேரே கிணற்றுக்குள் விடாதீர்கள். சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் அழுக்கு வடிகட்டப்படாமல் வெகு தூரம் போகும். அயலவர் குடிக்கும் கிணறும் கெடும். ஆல், அரசு இரண்டையும் கிணற்றுக்கு அருகில் வைக்காதீர்கள், வேர் கிணற்றின் கட்டுமானத்தைப் பிளந்துவிடும்.

முதற் கோடையில் ஒரு கன்றுக்குப் பத்து லீற்றர், வாரம் இரண்டு முறை. தினமும் ஒரு செம்பு ஊற்றுவதைவிட இது நல்லது, வேர் நீரைத் தேடிக் கீழே போகும். இரண்டாம் கோடையில் பத்து நாளுக்கு ஒரு முறை. மூன்றாவதில் நிறுத்திவிடுங்கள்.

7. கஞ்சலைக் கூட்டி எரிக்காதீர்கள்

மேலே சொன்ன எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு இதில் தவறினால் மண் மாறாது. விடிந்ததும் முற்றம் கூட்டுவது நம் பண்பாடு. கூட்டிய கஞ்சலை வளவின் மூலையில் குவித்து நெருப்பு வைப்பதும் பழக்கமாகிவிட்டது. மரம் ஓராண்டு உழைத்து மண்ணுக்குக் கொடுக்கும் சாப்பாட்டை, மண் வாயில் வைக்குமுன் நாம் பறித்து எரிக்கிறோம். என் தேக்குகளின் கீழே மண் இறுகியதில் மரத்தின் குற்றம் பாதி. ஒவ்வொரு மாசியிலும் சருகை அரித்து எரித்த என் கையின் குற்றம் மீதி.

பக்கத்து வீட்டு ஆச்சி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “தம்பி, கஞ்சலை இப்படி விட்டால் பாம்பு வரும்” என்றார். அவர் சொல்வது நியாயம். ஆகவே வீட்டைச் சுற்றிப் பன்னிரண்டு அடிக்கும், நடைபாதைக்கும் கூட்டுங்கள். கூட்டிய கஞ்சலை எடுத்துப்போய் மரங்களின் பாத்தியில் நாலு விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். தண்டில் முட்டாமல் ஒரு சாண் விலக்கிப் போடவேண்டும், இல்லையேல் பட்டை அழுகும். காவோலையை இரண்டு மூன்று துண்டாக வெட்டி அடியில் போட்டு, மேலே மெல்லிய சருகைப் போட்டால் காற்றில் பறக்காது. ஆச்சியிடம் இதைச் சொன்ன மறுவாரத்திலிருந்து அவர் வீட்டு மாவிலையும் வேலிக்கு மேலால் எங்கள் பக்கம் வந்து விழுகிறது.

டெங்குக் காலத்தில் சருகைக் கண்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கேள்வி கேட்பார். பரப்பிய சருகில் நீர் தேங்காது; அதற்குள் மறைந்து கிடக்கும் சிரட்டை, யோகட் கோப்பை, பொலித்தீன் பை ஆகியவற்றில்தான் தேங்கும். பரப்புமுன் அவற்றைப் பொறுக்கிவிடுங்கள். மாரி தொடங்குமுன் ஒருமுறை, கார்த்திகையில் ஒருமுறை காணி முழுவதும் நடந்து பாருங்கள்.

8. ஆண்டுக்கு ஒருமுறை அளவிடுங்கள்

ஒவ்வொரு தை மாதமும் அதே பால்மா டின்னை அதே இடங்களில் இறக்குங்கள். இடத்தை மறக்காமலிருக்க ஒரு குற்றி அடித்து வைத்திருக்கிறேன். முதல் ஆண்டில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்கவேண்டாம். எனக்கு இரண்டாம் தையில் தேக்கின் கீழே 26 நிமிடம் 14 ஆகக் குறைந்தது. அங்கே நான் செய்ததெல்லாம் சருகை எரிக்காமல் விட்டு, நடுவே ஆடாதோடை நட்டதுதான். லான்ட்மாஸ்டர் ஓடிய இடம் இன்னும் 20 க்குக் கீழே இறங்கவில்லை.

கிணற்று நீர் உயர்ந்துவிடும் என்று வீட்டாருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். நாலு பரப்பின் மழையைச் சுற்றியுள்ள நூறு கிணறுகளும் பங்கிட்டுக்கொள்ளும். கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கிணற்று மட்டத்தை வாரம் ஒருமுறை அளந்து, மழையளவோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த ஐப்பசிக்குள் அயலில் ஒருவரையாவது இதே கொப்பியைத் தொடங்கச் சொல்லுங்கள். எங்கள் ஒழுங்கையில் இப்போது மூன்று வீடுகளில் எழுதுகிறோம்.